சேலத்திலிருந்து கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு: முந்தின ராத்திரி எங்கே தங்குவது?

"கப்பல் சாயந்தரந்தானே கெளம்புது கண்ணு, காலையில வண்டி ஏறுனாப் பத்தாதா?" சேலத்தில் ஒரு குடும்பம் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிய மறுநாளே வீட்டில் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் வீட்டில் மூத்தவர். நியாயமான கேள்விதான். காலை எட்டு மணிவாக்கில் சேலம் ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறினால் பகல் பன்னிரண்டுக்குள் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து துறைமுகம் மூன்று நான்கு கிலோமீட்டர். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முந்தின நாளே போய்விடுங்கள் என்றுதான். அதற்கான காரணத்தையும், போக இருக்கும் வழிகளையும், போய்த் தங்கக்கூடிய பகுதிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் என்பது நம் பக்கத்துக்கு இன்னும் புதுசு. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்க, கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றி வந்த அந்தக் கப்பல், அடுத்த ஆண்டு ஜூனில் இலங்கைக்கும் போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. புதுசு என்பதால் பலர் இதை ரயில் பயணம் மாதிரியே நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து மணிக்குக் கப்பல் என்றால் நாலே முக்காலுக்குப் போய் நின்றால் ஏறிவிடலாம் என்று ஒரு எண்ணம்.

அப்படி ஏற முடியாது. கப்பல் கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். மூடும் நேரம் உங்கள் போர்டிங் பாஸிலேயே இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான், கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல. இவ்வளவு சீக்கிரம் மூடுவதற்கு வலுவான காரணம் உண்டு. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று சாயந்தரம்தான் ஏறியிருந்த பயணிகள் பலருக்கு ஆபத்துக் காலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சர்வதேச விதியைத் திருத்தினார்கள். 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ பயணிகள் எல்லோருக்கும் அந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும். அதற்குள் பயணிகள் பட்டியல் முடிய வேண்டும், மூட்டை முடிச்செல்லாம் ஸ்கேன் ஆகி உள்ளே போக வேண்டும். இலங்கைப் பயணம் என்றால் குடியுரிமைச் சோதனையும் சேர்ந்துகொள்ளும். பிந்தி வருபவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றால், விசாகப்பட்டினம் சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். கட்டிய பணமும் போனது போனதுதான்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் கப்பல் டிக்கெட்டோடு ஒப்பிட்டால், ஒரு ராத்திரி அறை வாடகை சின்னத் தொகை. இந்தக் கணக்கில் எனக்குத் தயக்கமே கிடையாது.

போகும் வழிகள்

அன்று காலையே கிளம்புவதை முதலில் பார்த்துவிடலாம். வந்தே பாரத் 2023 ஏப்ரலில் கோவைக்கும் சென்னைக்கும் இடையே ஓடத் தொடங்கிய பிறகு, இந்த ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. வண்டி நல்ல வண்டி, நேரத்துக்குப் போகிற வண்டி. ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஓடாது. கப்பல் கிளம்பும் கிழமை அந்த நாளாக இருந்தால் இந்த யோசனை அங்கேயே முடிந்துவிடும். ஓடினாலும், அதன் பின்னாலேயே வரும் இன்டர்சிட்டிதான் உங்களுக்கு மாற்று. அது சென்னை சேர மதியம் ஆகிவிடும். காட்பாடி, அரக்கோணம் பக்கம் ஏதாவது சிக்கல் என்றால் இரண்டு வண்டியும் ஒரே தண்டவாளத்தில்தான் நிற்கும். இளம் தம்பதி, ஆளுக்கொரு பை, பதற்றம் தாங்கும் மனசு என்றால் துணியலாம். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் கூட்டத்துக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

ராத்திரி ரயில்தான் சேலத்துக்காரர்களின் பழகிய வழி. ஏற்காடு எக்ஸ்பிரஸ்ஸில் பத்து மணி சுமாருக்கு ஏறிப் படுத்தால் விடிவதற்கு முன்பே சென்ட்ரல். சேரனும் நீலகிரியும் நள்ளிரவு தாண்டிச் சேலம் வந்து, விடிந்த பிறகு சென்னையில் இறக்கிவிடும். ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஆட்களுக்கு விருத்தாசலம் வழியாகப் போகும் எழும்பூர் வண்டி இருக்கிறது. செலவு குறைவு, ஒரு நாள் லீவு மிச்சம். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானாலும் கப்பலுக்குப் பாதகமில்லை.

சிக்கல் சென்னையில் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. பேசின் பிரிட்ஜில் வண்டி நின்று நின்று நகரும்போதே பெட்டிகளை வாசலுக்கு நகர்த்திவிடுவார்கள். விடியற்காலை நான்கு மணி. குழந்தை தோளில் தூங்குகிறது. அம்மாவுக்குப் பாத்ரூம் போக வேண்டும். சுகர் மாத்திரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். பெரிய ஓட்டல்களில் அறை பகல் பன்னிரண்டு மணிக்கோ இரண்டு மணிக்கோதான் கிடைக்கும். துறைமுகத்தில் நண்பகல் வரை உள்ளே விட மாட்டார்கள். நடுவில் எட்டு மணி நேரத்தைப் பெட்டிகளோடு காத்திருப்பு அறையில் ஓட்ட வேண்டும். குளிக்காமல், சரியாகத் தூங்காமல் கப்பல் ஏறுபவர் முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கே கேபினில் படுத்துவிடுவார். மூன்று ராத்திரிப் பயணத்தில் ஒரு ராத்திரி அப்படிப் போவது பெரிய நஷ்டம்.

ராத்திரி ரயிலே வசதி என்று முடிவு செய்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே உள்ள ஓய்வறை. உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் 12 மணி நேரக் கணக்கிலோ 24 மணி நேரக் கணக்கிலோ பதிவு செய்யலாம். அறைகள் குறைவு என்பதால் டிக்கெட் எடுத்த உடனே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, எழும்பூர், பெரியமேடு பக்கத்து லாட்ஜ்களில் உள்ள 24 மணி நேர செக்-அவுட் முறை. நீங்கள் எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்களோ அங்கிருந்து ஒரு நாள் கணக்கு. அதிகாலை ஐந்து மணிக்குப் போய்ப் படுத்துக் குளித்துச் சாப்பிட்டு, பகலில் காலி செய்துகொள்ளலாம். போனில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும்.

எனக்குப் பிடித்த வழி, முந்தின நாள் பகல் வண்டி. அதே வந்தே பாரத், அதே இன்டர்சிட்டி, ஒரு நாள் முன்னதாக. மதியத்துக்குள் சென்னை, அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு ஒரு தூக்கம், சாயந்தரம் ஊர் சுற்றல், ராத்திரி நிம்மதியான உறக்கம். மறுநாள் ஓட்டலில் காலி செய்யச் சொல்லும் பதினோரு மணியும் துறைமுகத்தில் உள்ளே விடும் நண்பகலும் ஒன்றோடொன்று பொருந்திப் போகின்றன. நடுவில் பெட்டிகளோடு எங்கேயும் உட்கார வேண்டியதில்லை.

பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தை மறந்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் அந்தப் பேருந்து முனையம் திறந்த பிறகு, விழுப்புரம் வழியாக வரும் அரசு பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து துறைமுகம் முப்பது கிலோமீட்டருக்கு மேல்.

விமானம்? காமலாபுரத்திலிருந்து 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் பறக்கத் தொடங்கியது நம் ஊருக்கு எவ்வளவோ நல்லது. ஒரு மணி நேரத்தில் மீனம்பாக்கம். அங்கிருந்து நீல வழித்தட மெட்ரோவில் மாறாமல் உயர் நீதிமன்றம் ஸ்டேஷன் வரை வரலாம். துறைமுகம் அங்கிருந்து கிட்டேதான். ஆனால் சின்ன விமானம், சென்னைக்கு வேளை பார்த்துத்தான் ஓடுகிறது. ரத்தானால் அன்றைக்கு வேறு விமானம் கிடைப்பது சந்தேகம். அதனால் இதையும் முந்தின நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காரில் போவது கூட்டமாகப் போகிறவர்களுக்குச் சுகம். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 340 கிலோமீட்டர். காரை மூன்று நான்கு நாள் எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும் கிளம்பும் முன்பே பதில் வேண்டும். சொந்தக்காரர் வீட்டு வாசல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் போகும்போது மட்டும் வாடகைக் காரில் போய், திரும்ப ரயிலில் வருவது மேல்.

ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மலையை விட்டு இறங்குவதையே ஒரு தனிப் பயணமாகக் கணக்கு வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, பனி, மழைக்காலத்தில் சரியும் மண். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு என்ன நடந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் முதல் வாரத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதே நாட்களில் தென்பெண்ணை பெருகி, விழுப்புரம் பக்கம் அரசூரில் சென்னை நெடுஞ்சாலை முழுகியது; விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். மலைப்பாதை, சாலை, ரயில் மூன்றும் ஒரே நேரத்தில் போயின. அப்படி எல்லா வருஷமும் நடக்காது. ஆனால் எஸ்டேட்டில் இருப்பவர்கள், மழை நாட்களில் ஒரு ராத்திரியைச் சேலத்திலும் ஒரு ராத்திரியைச் சென்னையிலும் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. குப்பனூர் வழி என்று இன்னொரு பாதை இருப்பதையும் டிரைவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

சென்னையில் எந்தப் பகுதி?

துறைமுகத்துக்கு மிகவும் கிட்டே இருப்பது ஜார்ஜ் டவுன்: பாரிமுனை, மண்ணடி, தம்புச் செட்டித் தெரு. நடந்தே போய்விடலாம் போலத் தோன்றும். காளிகாம்பாள் கோயில் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன. ஆனால் அது மொத்த வியாபாரம் நடக்கும் இடம். பகலில் தள்ளுவண்டி, லோடு ஆட்டோ, மூட்டைகள். தெருவுக்குள் கார் நுழைந்து வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லாட்ஜ்கள் பெரும்பாலும் சரக்கு எடுக்க வரும் வியாபாரிகளுக்கானவை. நான்கைந்து ஆண்கள் என்றால் தாராளமாகத் தங்கலாம். குடும்பத்துக்கு, கிட்டே இருக்கிறது என்ற ஒரே காரணம் போதாது.

எழும்பூர், பெரியமேடு பகுதிக்குத்தான் என் ஓட்டு. சென்ட்ரலில் இறங்கிப் பத்து நிமிஷத்தில் அறைக்குப் போய்விடலாம். மறுநாள் ஆட்டோவிலோ காரிலோ துறைமுகம் போவதும் சுலபம். எல்லா விலையிலும் அறை உண்டு; சைவ ஓட்டல், அசைவ ஓட்டல், மருந்துக்கடை எல்லாம் காலடியில். நல்ல அறை என்று போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாமல், போன் போட்டுச் சில கேள்விகள் கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏழெட்டுப் படி ஏறிய பிறகுதான் லிஃப்ட் கதவே வரும். மூட்டு வலி உள்ளவருக்கு அந்த ஏழெட்டுப் படிதான் பெரிய மலை. வெஸ்டர்ன் டாய்லெட்டா, காலை டிபன் எத்தனை மணிக்கு, ரோட்டுப் பக்கத்து அறையா உள் பக்கத்து அறையா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

திருவல்லிக்கேணியை இரண்டாவதாகச் சொல்வேன். பார்த்தசாரதி கோயிலுக்குப் போக ஆசைப்படும் பெரியவர்களும், மெரினாவில் கால் நனைக்க ஆசைப்படும் குழந்தைகளும் ஒரே கூட்டத்தில் இருந்தால் இதைவிட நல்ல இடம் கிடையாது. சாயந்தரம் தரிசனம், பிறகு கடற்கரை, ராத்திரி ரத்னா கஃபேயில் சாம்பாரில் முழுகிய இட்லி. காலையில் கடற்கரைச் சாலை வழியாகத் துறைமுகம் நேர் வழி. அறைகள் எழும்பூர் அளவுக்கு விதவிதமாக இல்லை. மேன்ஷன்களில் குடும்பங்களுக்கு இடம் தர மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தி.நகர் வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் கேட்பது இயல்பு. சென்னை வரை வந்துவிட்டு ரங்கநாதன் தெருவைப் பார்க்காமல் போவதா? ஆனால் அங்கே வாங்கும் ஒவ்வொரு பையையும் கப்பலுக்குள் தூக்கிப் போக வேண்டும். கேபினில் கட்டில் போக மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். கடை வேலையைத் திரும்பும் நாளுக்குத் தள்ளி வைப்பதே நல்லது. மாம்பலத்திலிருந்து மின்சார ரயில் நேராகக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகிறது, அந்த ஸ்டேஷன் துறைமுகத்துக்கு எதிரேதான் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். பெட்டியோடு வேலை நாள் காலையில் அதில் ஏறிப் பார்க்க வேண்டாம்.

கிண்டி, மீனம்பாக்கம் பக்கம் ராத்திரி தாமதமாக விமானத்தில் இறங்குபவர்களுக்கு மட்டும். மாமல்லபுரம், ஈ.சி.ஆர். ரிசார்ட் எல்லாம் தனியாக ஒரு விடுமுறைக்கு ஏற்றவை. கப்பல் ஏறும் நாள் காலையில் அறுபது கிலோமீட்டர் ஓடி வர வேண்டியிருக்கும்.

கடைசியாக, சொந்தக்காரர் வீடு. தாம்பரத்தில் சித்தப்பா, மடிப்பாக்கத்தில் அத்தை என்று எல்லோருக்கும் யாராவது இருக்கிறார்கள். லாட்ஜில் தங்கினோம் என்று தெரிந்தால் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் உண்மையானது, அதை மதிக்க வேண்டும். ஆனால் "சாப்பிடாம அனுப்பிருவனா?" என்று அத்தை மறுநாள் பதினோரு மணிக்கு இலை போடும்போது எழுந்து கிளம்ப யாருக்கு மனசு வரும்? தாம்பரத்திலிருந்து துறைமுகத்துக்கு நகரையே குறுக்கே கடந்தாக வேண்டும். நான் சொல்லும் வழி இதுதான்: முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். சீசனாக இருந்தால் ஒரு பெட்டி மாம்பழம், மல்கோவாவோ இமாம்பசந்தோ, கொண்டுபோய்க் கொடுங்கள். சாயந்தரம் வரை இருந்துவிட்டு, காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லி எழும்பூர் வந்துவிடுங்கள். திரும்பும்போது ஒரு ராத்திரி அவர்கள் வீட்டில் தங்கிக் கப்பல் கதையெல்லாம் சொன்னால் அவர்களுக்கும் சந்தோஷம்.

இத்தனை பகுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பவரோ, யாருக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமோ, அவருக்கு எது தோதோ அந்த இடம். மற்றவர்கள் எங்கே தங்கினாலும் சமாளித்துக்கொள்வார்கள்.

அன்று காலை

வாடகைக் காரைக் கூப்பிடும்போது ராஜாஜி சாலையில் உள்ள சென்னைத் துறைமுகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எண்ணூரில் காமராஜர் துறைமுகம் என்று வேறொன்று இருக்கிறது. மேப்பில் தவறாகத் தொட்டால் வடக்கே வெகுதூரம் போய்விடுவீர்கள். வாசலில் எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கேட்பார்கள், குழந்தைகளுடையதும் சேர்த்து. ஓட்டலில் காட்டிய ஆதார் அட்டை அங்கேயே கவுன்ட்டரில் தங்கிவிடவில்லையே என்று காலி செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான அனுமதியும் வேண்டும்.

பெரிய பெட்டிகளை டெர்மினலில் வாங்கிக்கொண்டு கேபின் வாசலுக்கு அனுப்புவார்கள். வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். மாத்திரை, கண்ணாடி, குழந்தைக்கு ஒரு மாற்றுத் துணி, சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். வெளிச் சாப்பாட்டைக் கப்பலுக்குள் விட மாட்டார்கள். சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கும் தட்டுவடையும் ரயிலிலும் அறையிலும் தீர்ந்துவிட வேண்டும்.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கப்பலுக்கு அதற்கும் முன்பே பணம் கட்டியிருப்பீர்கள். அதனால் அறையை முதலில், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுத்து வையுங்கள். கடல் நிலையைப் பொறுத்துக் கப்பல் தேதியே மாறுவதும் உண்டு. அறுபதாம் நாள் காலையில் ரயில் டிக்கெட். வரும் தேதிக்கு முன்பதிவு சில நாள் கழித்துத்தான் திறக்கும்; திறந்த உடனே அதையும் எடுத்துவிடுங்கள். கப்பல் காலையில் கரை சேர்ந்தால் எல்லோரும் இறங்கி வெளியே வரப் பத்து, பதினொன்று ஆகிவிடும். காலைக் கோவை எக்ஸ்பிரஸ் அதற்குள் போயிருக்கும். பிற்பகல் வந்தே பாரத் சரியாகப் பொருந்தும்: நடுவில் நிதானமாக ஒரு சாப்பாடு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சேலம் வீடு. திரும்பும் ராத்திரிக்கு அறை தேவையே இல்லை.